டேப்பு வாசித்த பக்கம்

என் அக்கா வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்ப்பேன். ஏழு ஜோடி என்றால் வீட்டு ஆட்கள் மட்டும். அதற்கு மேல் போனால் உள்ளே ஜெபக்கூட்டம். பெரும்பாலும் மேலேதான் போகும். அத்தானுக்குப் பகலில் லேத் பட்டறை, மாலையில் ஊழியம். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் ஐந்து பிள்ளைகள். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். மனிதர் சிரித்துவிட்டு "எல்லாம் கர்த்தர் கொடுத்தது" என்பார். தூக்கி வளர்த்தது மட்டும் அக்கா.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை. என் தலையில் குட்டித்தான் அந்தத் தொழிலைப் பழகினாள். பயிற்சிப் பள்ளியில் இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை விண்ணப்பம் போடுவதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது. பிறகு பெரியவனைப் பள்ளியில் சேர்த்த ஆறே மாதத்தில் அவன் நாலு கெட்ட வார்த்தையோடு வீட்டுக்கு வந்தான். இனி என் பிள்ளைகள் அந்தப் படியை மிதிக்கக் கூடாது, வீட்டிலேயே படிக்கட்டும் என்று அத்தான் தீர்த்துச் சொல்லிவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்காவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. சுவரில் கரும்பலகை, அலமாரியில் ஒரு கைமணி, வருகைப் பதிவேடு ஒன்று. ஐந்து பேரும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது வருகைப் பதிவேடு எதற்கு என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வருடத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார். பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து அடுத்த வருடத்துக்கு அனுமதி எழுதிக் கொடுப்பார். ஒரு பிள்ளை பின்தங்கியிருந்தாலும் அனுமதி கிடையாது, எல்லோரும் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். அந்த அனுமதிக் கடிதத்தை அக்கா சட்டம் போட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அதில் 'ஆசிரியர்' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான்.

வாசிப்புப் பாடம் காலை ஜெபத்தோடு சேர்ந்தது. இரண்டையும் தனித்தனியாக நடத்த அந்த வீட்டில் யாருக்கு நேரம்? பொடி எழுத்தில் அச்சடித்த பழைய வேதபுத்தகம் ஒன்று. அன்றைய பகுதியைப் பெரியவன் முதலில் வாசிப்பான். புத்தகம் அடுத்தவளிடம் போகும், அவள் அதே பகுதியை வாசிப்பாள். அப்புறம் இரட்டைகள், எழுத்துக் கூட்டி இரண்டு வரி. கடைக்குட்டி புத்தகத்தின் மூலையைக் கடிப்பாள். மறுநாளும் அதே பகுதி. வாரம் முழுக்க ஒரே பகுதி, மனதில் ஊற வேண்டும் என்பதற்காக.

இரண்டாமவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டேப்பு. டேப் ரிக்கார்டர் மாதிரி எதையும் ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடுவாள். அத்தான் அரைமணி நேரம் பிரசங்கம் செய்தால், இருமல் உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். வாய்க்கணக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எழுத்து மட்டும் கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலே வரி, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமனுக்கு. பொறுமை இல்லாதவள் என்று அக்கா சொன்னாள். அவளுடைய இடது கண் அவ்வப்போது மூக்குப் பக்கம் ஒதுங்கும். அதுவும் ஒரு அழகுதான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

அவளுக்கு எட்டு வயது முடிந்த வருடம், அதிகாரி வருகிற நாளில் நானும் அங்கே இருந்தேன். கடைக்குட்டியைச் சமாளிக்க என்னை வரச் சொல்லியிருந்தார்கள். காலை ஜெபம் முடிந்த கையோடு அந்தக் குட்டி தன் கைவரிசையைக் காட்டிவிட்டாள். வேதபுத்தகத்தில் அந்த வாரப் பகுதிக்கு அடையாளமாக நாடா வைத்திருந்த இடத்தில் ஒரு தாளை முழுசாகக் கிழித்து எடுத்துவிட்டாள். அதில் பாதி வாய்க்குள். அக்கா அதைப் பிடுங்கித் துடைத்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று அலமாரி மேல் வைத்தாள். அதற்குள் வாசலில் ஆள் வந்தாயிற்று. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டாள்.

அதிகாரிக்கு அன்று இன்னும் ஆறு வீடு பாக்கி. பெரியவனிடம் கணக்குக் கேட்டார். டேப்புவைப் பலகையில் சொல்வதை எழுதச் சொன்னார். அவள் பலகை நிறைய எழுதினாள், பிழை இல்லை. பிறகு எதையாவது வாசித்துக் காட்டச் சொன்னார். இந்த வாரப் பகுதியை வாசி என்று அத்தான் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் நாடாவைப் பிடித்துத் திறந்தாள், விரலை வரியில் வைத்தாள், வாசித்தாள். தடங்கலே இல்லை. விரல் வரி வரியாக இறங்கியது, குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் இருந்த கடைக்குட்டிக் கழுதையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைப் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். அந்தப் பகுதி அந்தப் பக்கத்தில் இல்லை. அது அலமாரி மேல் இருந்தது.

இதை அக்கா எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி 'வாசிப்பு மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகு அத்தான் ஸ்தோத்திரம் சொன்னார், எல்லோரும் முழங்கால் போட்டோம். அக்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். கட்டிக்கூடப் பிடித்தேன்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் தூங்கியபின் டேப்புவை மட்டும் உட்காரவைத்து, அவள் கேட்டிராத பகுதி ஒன்றைத் திறந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் இவள் தன்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. பொய், கள்ளத்தனம், சோம்பல். கண்ணைப் பற்றி அவளுக்கு நினைப்பே வரவில்லை. அன்றிலிருந்து தினமும் மதியம் ஒன்றரை மணி நேரம், கையில் ஸ்கேலோடு, அந்தப் பொடி எழுத்தை வைத்துக்கொண்டு ரகசியப் பாடம். அத்தானிடமும் சொல்லவில்லை. சொன்னால் அனுமதி போய்விடும், அனுமதி போனால் அவள் மறுபடி வெறும் சமையற்காரி. பிள்ளை தலைவலி என்றாள், நடிப்பு என்று சொல்லி அக்கா அவளை முழங்காலில் நிற்கவைத்தாள். இப்படி ஏழு மாதம். என் அக்கா கொடுமைக்காரி இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

ஏழாம் மாதம் அக்கா காய்ச்சலில் படுத்தாள். பிள்ளைகளைப் பங்கு போட்டதில் டேப்பு என் பங்குக்கு வந்தாள். எனக்குத் தையல் தொழில். ஒரு நாள் காலையில், ஊசியில் நூல் கோத்துக் கொடு என்றேன். நூல் நுனியை எச்சிலில் நனைத்து, ஊசியின் காதை நகத்தால் தடவிப் பார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கோத்தாள்.

"கண்ணைத் தொறந்துக்கிட்டுக் கோடி, விரல்ல குத்திக்கப் போற."

"மூடினாத்தான் சித்தி நல்லா வரும். தொறந்தா ஊசி ரெண்டா ஆயிடுது."

காலண்டரைக் காட்டினேன். பெரிய தேதியைச் சொன்னாள். அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோடு என்றாள். கீழே இருந்தது எழுத்து. அப்படியானால் வேதபுத்தகத்தை எப்படி வாசித்தாய் என்று கேட்டேன். என்னை ஒரு அசட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"படிக்கிறதுன்னா அதுதானே சித்தி? அண்ணன் சொன்னதைப் புத்தகத்தைப் பாத்துக்கிட்டே சொல்றது. எல்லாரும் அப்படித்தானே படிக்கிறாங்க?"

யாரும் அவளுக்கு அப்படி இல்லை என்று சொன்னதில்லை. அவளும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். பெரியவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அவளுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்றுதான் தான் எப்போதும் மெதுவாக, சத்தமாக வாசிப்பதாகச் சொன்னான். அவனுக்கு அது தங்கைக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது போன்ற ஒரு உதவி.

கண் ஆஸ்பத்திரிக்கு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா நல்ல மாதிரி. பிள்ளைக்குப் பிறவியிலேயே பெரிய பவர், கிட்டேயும் சரியாகத் தெரியாது, தூரத்திலும் தெரியாது என்றார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமா என்று நான்தான் கேட்டேன்.

"நாலு வயசுல போட்டிருந்தா முழுசா சரியாகியிருக்கும். கண்ணுல கோளாறு பெருசா இல்லம்மா. ஆனா மூளை பாக்கக் கத்துக்கிறதுக்கு ஒரு வயசு இருக்கு. அந்த வயசுல தெளிவா எதையும் காட்டலைன்னா அது கத்துக்காமலே நின்னுடும். இனிமே கண்ணாடி போட்டா கொஞ்சம் தேறும். இடது கண்ணு முழுசா வராது. ஸ்கூல்ல சேக்கறப்பவே கண்ணு டெஸ்ட் பண்ணுவாங்களே, எந்த ஸ்கூல்?"

அக்கா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டதான் படிக்குது" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போது முதலில் கவனித்தீர்கள் என்று கேட்டார். போன வாரம் என்று அக்கா சொன்னாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அலமாரி மேல் இருந்த தாளைப் பற்றி என்னிடம் சொன்னாள். ஏழு மாதம், ஸ்கேல், முழங்கால், எல்லாம். எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போல் இருந்தது. விடவில்லை. பக்கத்தில் டேப்பு மருந்து விட்ட கண்ணோடு, பெயர் கூப்பிடும் நர்ஸின் குரலை நடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, இதிலும் கர்த்தருக்கு ஒரு சித்தம் இருக்கும் என்று ஆரம்பித்தார். அவர் பேச்சை அக்கா நடுவில் வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"கர்த்தர் தலையில போடாதீங்க. கிழிஞ்ச தாளைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு நின்னது நான்."

மறுநாள் சட்டத்தைக் கழற்றி, கடிதத்தை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனுமதி கேட்பதற்கு ஃபாரம் இருக்கிறது, ரத்துசெய்வதற்கு இருக்கிறது, தானாகக் கொண்டுவந்து திருப்பிக் கொடுப்பதற்கு ஃபாரம் இல்லை என்றான். கடைசியில் அக்காவே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அது எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து அவளுக்கு. டீச்சர் எழுத்து.

நாலு பேரும் பள்ளிக்குப் போகிறார்கள். பெரியவனுக்குச் சிரமமில்லை. டேப்புவை மட்டும் இரண்டு வகுப்பு கீழே இறக்கி, இரட்டைகளோடு முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. வலது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் மூடி ஒட்டி, இடது கண்ணை வேலை வாங்க வேண்டும். பள்ளியில் அவளை டேப்பு என்று யாரும் கூப்பிடுவதில்லை. வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை நான் எழுதப் போவதில்லை. பகலில் அக்கா வீட்டில் கடைக்குட்டி மட்டும்தான். கரும்பலகையைக் கழற்றவில்லை. அதில் பால் கணக்கும் எழுதுவதில்லை.

போன வாரம் போயிருந்தேன். ஏழு ஜோடிச் செருப்புத்தான் கிடந்தது. மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். வழக்கம்போலப் பெரியவன் புத்தகத்தை எடுத்தான். அக்கா அதை வாங்கி, அந்த வீட்டில் யாரும் இதுவரை வாசித்திராத ஒரு பகுதியாகப் பார்த்துத் திறந்து, டேப்புவின் முன் வைத்தாள். பிள்ளை மூக்கு தாளில் படும்படி குனிந்தாள். ஓர் எழுத்து, இன்னொரு எழுத்து, அப்புறம் ஒரு சொல். ஒரு வரி முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரட்டைகள் நெளிந்தார்கள். பெரியவனின் உதடு அசைந்தது, அவளுக்கு எடுத்துக் கொடுக்க. அத்தான் அவன் தொடையைத் தொட்டு நிறுத்தினார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். நெற்றி வேர்த்திருந்தது.

"முன்னாடியெல்லாம் நான் இதைவிட நல்லா படிச்சேன், இல்லம்மா?"

அக்கா அவள் விரலைப் பிடித்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வைத்தாள். படி என்றாள்.