லண்டனிலிருந்து வந்த தரைத்தகடு

லண்டன் சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் ஒன்பது வயதில் அங்கிருந்து வந்த ஒரு தகடு என் அப்பாவை எங்களிடமிருந்து கொண்டுபோகப் பார்த்தது.

அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. அவரைவிட வயதில் மூத்தது. குருக்கள்மடத்தில் அதை வைத்து ஹயர் ஓடினார். பிள்ளை பெறப் போகிறவர்கள், கல்யாணப் பெண்கள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர்கள் எல்லோரும் அந்தக் காரில்தான் போனார்கள். சுனாமியன்று கடல் அதை எங்கள் வளவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னாலிருந்த பனங்கூடலுக்குள் செருகி வைத்தது. நாங்கள் மூவரும் உயிரோடு மிஞ்சியிருந்தோம். அதற்குமேல் எதையும் கேட்கக்கூடாது என்பதுதான் ஊரின் எண்ணம். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் காரைப் படம் எடுத்துவிட்டு, இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். அப்பாவும் தலையாட்டினார். அவர் யாருக்கும் தலையாட்டுவார்.

“கடல் தின்னாம உட்டத கறள் தின்ன உடமாட்டன்” என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் கறள், இரும்பின் துரு, கேட்டுக்கொண்டா தின்கிறது? உப்புத் தண்ணீர் குடித்த இரும்பு மாதக் கணக்கில் உதிர்ந்தது. காரின் தரை பொரித்த பப்படம்போல் ஆகி, காலை வைத்தால் கால் கீழே போனது. அப்போதுதான் லண்டனில் இருந்த சித்தப்பா தொலைபேசியில் நற்செய்தி சொன்னார். அந்த நாட்டில் பழைய கார்களைப் பிள்ளைகள் மாதிரி வளர்க்கிறார்களாம். அவற்றுக்கு வேண்டிய எல்லாச் சாமானும் அச்சு அசலாகப் புதிதாக அடித்து விற்கிறார்களாம். அண்ணன் ஒன்றும் யோசிக்க வேண்டாம், எல்லாம் தன் பொறுப்பு என்றார்.

பெட்டி கப்பலில் வந்தது. திறக்கிற அன்று வளவு நிறைய ஆட்கள். சாமான்கள் கறுப்பு மை பூசி, எண்ணெய்க் கடதாசி சுற்றிப் பளபளவென்றிருந்தன. அப்பா கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

அதற்குப் பிறகு பொருத்துகிற வேலை தொடங்கியது. முன் மட்காட்டில் ஆணி ஓட்டைகள் ஒரு பக்கம் இருந்தன, காரில் ஆணி ஏற வேண்டிய இடம் இன்னொரு பக்கம் இருந்தது. கதவுக்கு வந்த றப்பர் தடிப்பு. மாட்டினால் கதவு மூடாது, மூடினால் திறக்காது. அம்மா இடுப்பால் ஒரு இடி இடித்து மூடப் பழகிக்கொண்டாள். முன் விளக்கு வளையங்களின் மினுக்கம் முதல் மாரியிலேயே தோல் உரிந்தது. கராஜில் தகர வேலை செய்த பாஸ் இதற்கெல்லாம் அசரவில்லை. “லண்டன் சாமான் பிழையா இரிக்காது அண்ணன், கார்தான் கோணிப்போய் இரிக்கி” என்று தீர்ப்புச் சொல்லி, சாமானுக்கு ஏற்ற மாதிரிக் காரை அடித்தார். எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டின்மேல் இருக்கிற நம்பிக்கை, பாவம், அந்தக் கிழட்டுக் காரின் முதுகில் விடிந்தது.

சித்தப்பா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார், எல்லாம் டக்கென்று பொருந்திவிட்டதா என்று. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்பார் அப்பா. ஒருநாள் அம்மா தொலைபேசியைப் பறித்தாள்.

“தம்பி, ஒண்டும் பொருந்தல்ல. உங்கட அண்ணனுக்குச் சொல்ல வெக்கம். நீங்க அனுப்பினது பிழையில்ல, அடிச்சவன் கார பாக்காம அடிச்சிரிக்கான்.”

அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

கடைசியாகத் தரைத்தகடு. அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று. அகலம் காணாது. இரண்டு ஓரமும் போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தொடவில்லை, நடுவில் மேடாக வேறு நின்றது. பாஸ் யோசித்து ஒரு வழி கண்டார். உதிர்ந்தது போக மிஞ்சிய பழைய தரையை அப்படியே விட்டார். அதற்கு மேலே சுற்றிவர இரும்புப் பட்டை ஒட்டி, லண்டன் தகட்டை அதில் தூக்கி வைத்துப் பற்றவைத்தார். இரண்டு தரைக்கும் நடுவே நாலு விரல் போகிற இடைவெளி. ஏறி நின்று காலால் குத்திக் காட்டினார். மேளம் மாதிரி முழங்கியது. அப்பாவுக்குச் சந்தோஷம்.

“உள்ளுக்கு என்ன இரிக்கி?” என்று அம்மா மட்டும் கேட்டாள்.

“ஒண்டுமில்லக்கா, காத்து.”

சண்டை நடந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் காற்று இருக்கிற இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம். சோதனைச் சாவடிகளில் சைக்கிள் சீற்றைக் கிழித்துப் பார்ப்பார்கள், சோற்றுப் பார்சலைக் குத்திப் பார்ப்பார்கள். இரண்டு தரை வைத்த கார் ஆமிக்காரனுக்கு என்னவென்று படும் என்பது வளர்ந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் தோன்றவில்லை. கார் ஓடினால் போதும் என்றிருந்தார்கள்.

முதல் ஓட்டம் தன்னாமுனையிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு. அம்மா நல்ல சீலை உடுத்தி முன்னால் இருந்தாள். நான் பின்னால், புதுத் தரையில் காலால் தாளம் தட்டிக்கொண்டு வந்தேன். டவுனுக்கு முந்திய சாவடியில் நிறுத்தினார்கள். ஒரு ஆமிக்காரன் தடியால் டயரைத் தட்டினான், கதவைத் தட்டினான், குனிந்து தரையைத் தட்டினான். முழங்கியது. மறுபடி தட்டிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டான்.

எங்களை இறக்கினார்கள். அப்பாவின் அடையாள அட்டை அவர்களின் பெரியவருடைய சட்டைப் பைக்குள் போனது. அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். பயம் வந்தால் அவருக்குச் சிரிப்பு வரும். “லண்டன் தகடு சேர், தம்பி அனுப்பினது” என்றார். அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம். லண்டனிலிருந்து வருகிற எதுவும் இயக்கத்துக்கு வருவதாகத்தான் அப்போது அவர்களுக்குப் படும்.

“கார் இங்க நிக்கும். இவர் கேம்புக்கு. நீங்க பஸ்ஸில போங்க. விசாரிச்சு அனுப்புறது” என்றார் அந்தப் பெரியவர், தெரிந்த தமிழில்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் வழியால் போகாதவர். எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, விசாரித்து அனுப்புகிறோம் என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குத் திரும்பிய ஒருத்தி இருந்தாள். அவளுடைய புருசன் இன்னும் வரவில்லை.

“நான் போகமாட்டன்” என்றாள் அம்மா. காருக்கு முன்னால் தார் ரோட்டில் சீலையோடு அமர்ந்து என்னையும் இழுத்து இருத்தினாள். தார் சுட்டது. நான் அழுதேன், எழும்ப விடவில்லை. எழும்பச் சொல்லி அதட்டினார்கள். எழும்பினாள். எழும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போய், தேங்காய் உரிக்க நட்டிருந்த கனத்த இரும்பு அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். அலவாங்கோடு வருகிற பெண்ணைக் கண்டதும் துவக்குகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அவள் நடையை மாற்றவில்லை. அதை அப்பாவின் காலடியில் போட்டாள்.

“குத்துங்க. உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு இவங்க இப்பவே பாக்கட்டும்.”

அப்பா குனியவில்லை. “தம்பி ஆசையா அனுப்பினது…” என்று இழுத்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

“தம்பிக்கு நான் சொல்லுறன். நீங்க குத்துங்க.”

பெரியவர் தடுக்கவில்லை. அப்பா குத்தினார். ஒரே குத்து. அச்சு அசல் என்று வந்த தகடு பிஸ்கட் தகரப் பேணி மாதிரிக் கிழிந்து வாயைத் திறந்தது. பழைய காலத்து அசல் இரும்பாக இருந்திருந்தால் மத்தியானம்வரை குத்தினாலும் அசைந்திருக்காது. அதுவரை பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமையும் இருந்திருக்காது. மட்டமான சாமான் அடிக்கிற அந்த முகம் தெரியாதவனை அம்மா பிறகு பலமுறை திட்டியிருக்கிறாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவனுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்பாள்.

உள்ளே கடல் மண் இருந்தது. சிப்பி உடைசல், காய்ந்த நண்டுக் கால் ஒன்று. பெரியவர் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, போங்க என்றார்.

அம்மா போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “ஐ.சி.யத் தாங்க.”

அவர் மறந்திருந்தாரோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை அப்பாவிடம் கொடுக்கவில்லை, தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா காருக்குள் ஏறி இருந்தார். வீட்டுக்குத் திரும்புவோம் என்றார்.

“அக்கா வீட்ட போகத்தானே வந்தம். போவம்.”

போனோம். மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டு, அதே சாவடியால்தான் திரும்பி வந்தோம்.

வேறு தகடு அனுப்புவதாகச் சித்தப்பா சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். கிழிந்த தகட்டையும் பட்டையையும் பிடுங்கச் சொன்னாள். இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு ஓடுங்கள் என்றாள். ஒவ்வொரு சாவடியிலும் அவர்கள் கேட்பதற்கு முன்னமே அம்மா இறங்கிப் பலகைகளைத் தூக்கிப் பிடிப்பாள். ரோடு தெரியும். சில ஆமிக்காரர்களுக்கே பார்க்கக் கூச்சமாகிவிடும். மழைக்கு ஏறியவர்கள் காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். ஓட்டைக் கார் என்று ஊர் பெயர் வைத்தது.

“ஓட்டைதான். ஒளிக்க இடமில்லாத கார்” என்பாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பா தனியாக ஒரு ஹயரும் ஓடவில்லை. முன் சீற்றில் அம்மா. பள்ளிக்கூடம் விட்ட நேரமென்றால் பின்னால் ஆட்களோடு நானும். அவளுக்குப் புருசன்மேல் சந்தேகம் என்று சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். விளையாட விடாமல் என்னை ஏன் இழுத்துக்கொண்டு போகிறாள் என்று கோபப்பட்டேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது. ஒரு ஆளைத் தனியாக இறக்கிக் கொண்டுபோவது சுலபம். பக்கத்தில் வாய்க்காரி ஒருத்தியும் பின்னால் ஒரு பிள்ளையும் இருந்தால் அவ்வளவு சுலபமில்லை. எங்கே வைத்து, எந்த நேரம், யார் இறக்கினார்கள் என்று சொல்லவாவது ஆள் மிஞ்சும். என்னைக் கேட்காமலே என்னையும் காவலுக்கு வைத்திருந்தாள். வைத்தது சரிதான். இன்றைக்குக் கூப்பிட்டாலும் ஏறி இருப்பேன்.

சண்டை முடிந்து, வழியிலிருந்த சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற பிறகு ஒருநாள் காலை, கல்முனைக்கு ஒரு ஹயர் வந்தது. பழக்கத்தில் நான் புத்தகத்தோடு பின் சீற்றில் ஏறிவிட்டேன். அப்பா ஹோர்ன் அடித்தார். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், எழும்பவில்லை.

“நீங்க போயிற்று வாங்க” என்றாள் உள்ளேயிருந்து. “புள்ளயையும் இறக்கிவிடுங்க. அவளுக்குப் படிக்க இரிக்கி.”

அப்பா இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு தனியாகப் போனார். அம்மாவுக்கு அந்த ஓட்டைக் காரில் போய்ப் போய் அலுத்துவிட்டது என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.