காப்பு வளையம்

அன்று பெங்களூரு பிரேசர் டவுனில், ஆட்டக் கார்டு விற்கும் அந்தக் கடை மாடியில் இருந்தவர்கள்: நான், என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன், எங்களுக்கு எதிராக ஆட வந்த காக்ஸ் டவுன் அண்ணன் தம்பி இருவர், கடைக்கார அக்கா, வேடிக்கை பார்க்க ஒரு பத்துப் பேர். இல்லாதவர் நடுவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று போனவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

இறுதிப் போட்டி. ஜோடிக்கு ஜோடி. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நண்பனுக்கு அப்படி இல்லை. அவனுடைய ஆபீஸில் இதே ஆட்டத்தை ஆடும் கூட்டம் ஒன்று உண்டு. பெரிய பள்ளிகளில் படித்து வந்தவர்கள். ஒரு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவனைப் பின்னால் நிற்க வைத்து வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார்கள். “ஒரு ஃபைனல் ஜெயிச்சுட்டு வா, அப்புறம் சேத்துக்கறோம்” என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அவன் வந்திருந்தான். ஆட்டத்துக்கு முன் இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் மிருகங்களும் மந்திரங்களும் கார்டுகளாக இருக்கும். மிருகத்தை மேசையில் இறக்கி எதிராளியின் மிருகத்தோடு மோத விட வேண்டும். மந்திரத்தால் எரிக்கலாம், பலம் ஏற்றலாம். காப்பு மந்திரம் ஒன்று உண்டு. நாங்கள் அதை வளையம் என்போம். எதிராளி மந்திரம் ஏவும் அந்த நொடியில், அது வந்து விழுவதற்கு முன்னால், வளையத்தை நம் மிருகத்தின் மேல் போட வேண்டும். பிந்தினால் பயனில்லை. போட்டுவிட்டால் அந்தச் சுற்று முடியும்வரை மந்திரம் அதைத் தொடாது. மந்திரம் மட்டும்தான். கொம்பாலும் நகத்தாலும் வரும் அடியை வளையம் தடுக்காது.

எங்களிடம் மிச்சமிருந்தது ஒரு கல் யானை. அண்ணன்காரன் அதன் மேல் நெருப்பு மந்திரத்தை ஏவினான். நான் உடனே வளையத்தைப் போட்டேன். நெருப்பு அணைந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தம்பிக்காரன் விடாமல் தன் ஓநாயை யானை மேல் பாய விட்டான். நண்பன் சிரித்துக்கொண்டே பலம் ஏற்றும் மந்திரத்தை யானை மேல் வைத்தான். பலம் ஏறினால் ஓநாய் சாகும், கோப்பை எங்களுக்கு.

“ஒரு நிமிஷம் குரு,” என்றான் தம்பிக்காரன். “வளையத்துக்குள்ள உங்க மந்திரம் மட்டும் எப்படிப் போவும்?”

“போவும்டா. எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்க. நம்ம மந்திரத்த நம்மளே தடுப்பமா?” என்றான் நண்பன்.

அக்கா நடுவருக்கு மறுபடி போன் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அண்ணன்காரன் என் பக்கம் திரும்பினான். “நீயே சொல்லு ப்ரோ. ரூல் புக்கே நீதான. நீ என்ன சொல்றியோ நாங்க ஒத்துக்கறோம்.”

உண்மைதான். அந்தக் கடையில் விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவன் நான் ஒருவன். சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்து வங்கிக் கடுதாசி, பட்டா, மருந்துச் சீட்டு எல்லாம் அப்பா என் கையில்தான் கொடுப்பார். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் சொல்வேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அப்படித்தான் வளர்ந்தேன்.

வளையக் கார்டை எடுத்துப் படித்தேன். எந்த மந்திரமும் தொடாது என்று அச்சடித்திருந்தது. யாருடைய மந்திரம் என்று பிரித்துச் சொல்லவில்லை.

“நம்மளதும் போவாதுடா,” என்றேன்.

நண்பன் என்னைப் பார்த்தான். “மச்சான், நல்லாப் பாரு.”

“பாத்துட்டுதான் சொல்றேன்.”

யானை செத்தது. அண்ணன் தம்பி இருவரும் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்கள். “சக்கத் மனுஷன்யா நீ” என்று அண்ணன்காரன் பாதிக் கன்னடத்தில் மெச்சித் தோளில் தட்டினான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. முடிவுத் தாளில் நான் முதலில் கையெழுத்துப் போட்டேன். நண்பன் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

நடுவர் ஆறு மணிக்கு, கையில் கேக் டப்பாவோடு வந்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் எங்கள் வளையக் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“இது பழைய பிரிண்ட் தம்பி. எங்க வாங்கின?”

“செகண்ட் ஹேண்ட் சார். கட்டோட குறைஞ்ச ரேட்டுக்கு வந்தது.”

“கம்பெனி இத எப்பவோ மாத்திட்டான். எதிராளி மந்திரம் மட்டும்தான் தொடாது, நம்மளது போவும். கார்டுல எது இருந்தாலும் அவன் வெப்சைட்ல போட்டிருக்கறதுதான் ரூல். போன்ல பாத்திருந்தா ஒரு நிமிஷ வேலை.”

“இப்ப மாத்த முடியாதா சார்?”

“ரெண்டு பேரும் சைன் போட்டுட்டீங்களே.”

போனில் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அச்சடித்தது கையில் இருக்கும்போது அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று யார் எனக்குச் சொல்லித் தந்தார்கள்? அண்ணன் தம்பிக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கேட்கவில்லை.

படியிறங்கும்போது நண்பன் சொன்னான்: “தப்பாச் சொன்னதுகூடப் பரவால்லடா. சொல்லும்போது உன் மூஞ்சில ஒரு சந்தோஷம் இருந்துச்சு பாரு, அதான்.”

மறுநாள் ஆபீஸில் அவர்கள் அவனை என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான், எனக்குத் தெரியாது. மதியம் தன் இடத்திலேயே சாப்பிட ஆரம்பித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரே அறையில் மூன்று வாரம் பேசாமல் இருந்தோம். நான்காவது வாரம் மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதி பார்த்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாடகை எனக்குத் தனியாகக் கட்டாது. நானும் காலி செய்தேன். வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையும், அக்ரிமென்ட் முடியுமுன் போவதற்கு ஒரு மாத வாடகையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். பாதியை அவன் கணக்குக்கு அனுப்பினேன். வந்தது என்றுகூடப் பதில் இல்லை. பிடித்தது மொத்தம் இருபத்தெட்டாயிரம் ரூபாய்.