சாப்பிட்டவர் கையெழுத்து

அன்றைக்கு எங்கள் மெஸ்ஸில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், அடுப்படியில் என் வீட்டுக்காரர், பிரவுசிங் சென்டர் சார், பாக்கிப் பணத்துக்காக வந்திருந்த மளிகைக் கடைக்காரர். மதியச் சாப்பாடு முடிந்து இலையெல்லாம் எடுத்தாகிவிட்டது. வெளியாள் ஒருவரும் இல்லை. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், சார் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்ததுமே நான் வாசல் வரை போய் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தேன். நல்ல செய்திக்கு மனிதர்கள் தாள் எடுத்துக்கொண்டு வருவதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

இங்கிலீஷில் இருந்ததை சார் தமிழில் சொன்னார். வெளியூர்க்காரர்கள் கிரெடிட் கார்டில் கட்டுகிற பணத்தை எங்களுக்கு வாங்கிக் கொடுக்கும் கம்பெனி எங்கள் பணம் அத்தனையையும் நிறுத்தி வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் புகார் கொடுத்திருக்கிறார். பணம் பிடித்துக்கொண்டார்கள், சரக்கு வந்து சேரவில்லை என்று.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார். "இன்னா சரக்கு?"

"புளிசாதம்" என்றார் சார்.

மளிகைக் கடைக்காரர் சிரித்தார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக எங்கள் மெஸ். ஆறு பெஞ்சு, ஒரு கிரைண்டர். மற்ற நாளில் பஸ்காரர்களும் கொத்தனார்களும் சாப்பிடுவார்கள். பௌர்ணமி வந்தால்தான் எங்களுக்கு நாலு காசு. அன்னதானம் செய்ய நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பொட்டலம் கட்டி வைப்போம். அவர்களே வந்து சாமியார்களுக்கும் நடந்து வருகிற ஜனங்களுக்கும் கொடுப்பார்கள். வர முடியாதவர்கள் பெயரைச் சொல்லி நாங்களே கொடுப்போம்.

பிரவுசிங் சென்டர் சார் டவுனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். பிள்ளைகள் டைப் அடிக்க வருவது நின்றுபோனதும் மிஷின்களை விற்று இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். சாப்பாடு எங்களிடம். அவர்தான், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கிருந்தே பணம் கட்டுகிற மாதிரி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். பேங்கில் பணம் எடுக்கிற தாளைக்கூட யாரிடமாவது கொடுத்துத்தான் நிரப்புவேன். கண்ணால் பார்க்காத ஆள், கண்ணால் பார்க்காத பணம் அனுப்பி, அதை நம்பி நான் கண்ணால் பார்க்கிற அரிசியைப் போட்டுச் சமைப்பதா என்று இரண்டு வாரம் தூக்கமில்லை. வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார்.

கம்பெனிக்கு எழுதிப்போடும்போது என்ன தொழில் என்று கேட்டிருந்தது. தர்மம் என்று போட்டால் பதிவு செய்த டிரஸ்ட் வேண்டுமாம். நாங்கள் மெஸ். அன்னதானம் என்று அவர்கள் பட்டியலில் எதுவும் இல்லை. அதனால் சார், உணவுப் பொருள், பார்சல் என்பதைக் குறித்தார். சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் என்ற கட்டத்தில் பணம் கட்டுகிறவரின் விலாசமே தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மூன்று பேருமே அதைப் பார்த்தோம். ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. யார் பேரில் அன்னதானமோ அவர் விலாசம்தானே இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. ஒரு மாதத்துப் பணத்தைக் கம்பெனி கையில் வைத்துக்கொண்டு, கமிஷனைக் கழித்து, அடுத்த மாதம் பேங்கில் போடும். பாஸ்புக்கில் அச்சாகி வருகிற வரைக்கும் நான் நம்ப மாட்டேன். அச்சான பிறகும் கவுண்ட்டரில் இருக்கிறவரிடம் இது எங்களுடையதுதானா என்று கேட்பேன். அவர் அலுத்துக்கொள்வார்.

பங்குனிப் பௌர்ணமிக்கு ஆயிரத்து நானூறு பொட்டலத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். அதுவரை அவ்வளவு வந்ததில்லை. அரிசி, புளி, நல்லெண்ணெய், வேர்க்கடலை எல்லாமே கடன், பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு. மளிகைக் கடைக்காரருக்கு வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். மூட்டையை இறக்கும்போதே சொன்னார், "தங்கச்சி, கல்யாணத்துக்கு முன்ன வந்துடணும். மண்டபத்துக்குக் கட்டற பணம்." நான் வந்துவிடும் என்றேன். என் வாயால் சொன்னேன். அதுதான் என்னைத் தின்றது. பணம் போனதைவிட, அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் என் பேச்சினால் ஒரு குறை வந்துவிடுமோ என்பதுதான்.

மறுநாள் சார் கடையிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டோம். இந்தியில் ஒருவர், இங்கிலீஷில் ஒருவர் என்று மாறி மாறி, கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தாள். நல்ல குரல். சார் என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார். கடைக்காரி நான்தானே.

"மேடம், பார்சல் எந்தக் கூரியர்ல அனுப்புனீங்க?"

"கூரியர் இல்லம்மா. நாங்களே குடுத்துட்டோம்."

"கஸ்டமர் கையிலயா?"

"இல்ல. சாப்பிட்டாங்க."

"யார் சாப்பிட்டாங்க மேடம்? கார்டு வெச்சிருக்கிறவரா?"

பசித்தவர்கள் சாப்பிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்கும் புரிந்திருக்கும், தமிழ்ப் பெண்தானே. ஆனால் அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் அதை எழுத இடம் இல்லை போலிருக்கிறது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும், அது வரும் வரை மற்றவர்கள் பணத்தையும் சேர்த்து நிறுத்தி வைப்பார்கள், அப்படித்தான் முறை என்றாள். அவள் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு வந்து, பாதை ஓரம் சாப்பிடுகிறவர்களைப் படம் எடுத்து அனுப்பினோம். இதில் வாடிக்கையாளர் எங்கே என்று பதில் வந்தது.

புகார் கொடுத்தவருக்கு சார் மெயில் எழுதினார். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள்தான், அமெரிக்காவில் வேலை. அப்பா திதிக்காக நூறு பொட்டலத்துக்குக் கட்டியவர். உடனே பதில் எழுதினார். பில்லில் எங்கள் மெஸ் பெயர் வரவில்லையாம், அந்தக் கம்பெனி பெயர்தான் இருந்ததாம். யாரோ கார்டைத் திருடிவிட்டார்கள் என்று பயந்து பேங்குக்குப் போன் செய்திருக்கிறார். இந்தக் கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஏதாவது வந்ததா என்று அவர்கள் கேட்க, எதுவும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பேங்கில் புகாரைத் திரும்ப வாங்கக் கேட்டாராம், பணத்தைத் திருப்பித் தந்து முடித்தாயிற்று என்றுவிட்டார்களாம். மன்னிப்பு மன்னிப்பு என்று மெயில் முழுக்க. தங்கை வீட்டுக்காரரிடம் சொல்லி ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ரொக்கமாக மெஸ்ஸுக்கே கொடுத்தனுப்பினார். அதை அப்படியே மளிகைக் கடையில் கொடுத்தேன். நல்ல மனிதர். ஆனால் மற்றவர்கள் கட்டியதும் சேர்ந்து நின்றுபோனதை அவர் என்ன செய்ய முடியும்.

சாரிடம் ஒரு நாள் கேட்டேன், இப்போது அந்தப் பணம் எங்கே இருக்கும் என்று. பம்பாயில் என்றார். பம்பாயில் எங்கே, பீரோவிலா, பேங்கிலா என்றேன். அவர் யோசித்துவிட்டு, தனக்கும் தெரியவில்லை என்றார். பாவம், அவரும் அப்போதெல்லாம் பாதிச் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

கையெழுத்துதானே வேண்டும், வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பங்குனியில் எங்கள் பொட்டலம் வாங்கிய சாமியார்களில் பாதிப் பேர் பாதையிலேயே இருக்கிறவர்கள்தான். சார் ஒரு தாளில் கோடு போட்டுத் தந்தார். ஒரு காலை வேளையில் ஸ்டாம்ப் பேடும் தாளுமாகப் போனேன். மரத்தடியில் எப்போதும் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் முதலில் கேட்டேன். எங்கள் கையால் வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டவர்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர்தான். திருப்பிக் கொடுத்தார்.

"சோறு போட்டத எழுதி வெப்பாங்களாம்மா?"

பணம் நின்றுபோனதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் விடவில்லை.

"ரேஷன் கடையில கைநாட்டு, ஆஸ்பத்திரியில கைநாட்டு, அதெல்லாம் வேணாம்னுதான் இங்க வந்து குந்திகினு கீறோம். நாளைக்கு கார்டு குடு, நம்பர் குடுன்னுவ."

சிரித்தார்கள். கேலிதான், விரோதமில்லை. ஆனால் பெரியவர் சிரிக்கவில்லை. கும்பிட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. சாப்பிட்டவரிடம் சாப்பிட்டதற்குச் சாட்சி கேட்பதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். எனக்கே அது தெரியும். தெரிந்துதான் போனேன்.

தாளைச் சுருட்டிக்கொண்டு வரும்போது வீட்டுக்காரர் எதிரே சைக்கிளில் வந்தார். எத்தனை கையெழுத்து என்று கேட்கவில்லை. உட்கார் என்று கேரியரைக் காட்டினார்.

சித்ரா பௌர்ணமிக்கு முன்னாலேயே இன்டர்நெட்டில் இருந்த எங்கள் பக்கத்தைக் கம்பெனியே மூடிவிட்டது. மளிகைக் கடையில் கடன் கேட்க வாய் வரவில்லை. மெஸ்ஸுக்கு வேண்டிய அரிசியை அன்றன்றைக்கு ரொக்கம் கொடுத்து வாங்கினோம். அன்று பாதையில் கால் வைக்க இடமில்லை. மதியத்திலிருந்தே தெரிந்த முகங்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தன. ஒரு அம்மா, "இன்னிக்குக் குடுக்கலியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் பரவாயில்லை என்று சொன்னது இன்னும் சங்கடமாக இருந்தது.

வைகாசி நெருங்கியது. மளிகைக் கடைக்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். மண்டபத்துக்கு வேறு இடத்தில் வட்டிக்கு வாங்கிவிட்டதாக வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் அவர் கடைக்குப் போனோம். படியேறினதும் வீட்டுக்காரர் கேட்டார்.

"சமையலுக்கு ஆள் சொல்லிட்டீங்களா?"

"அட்வான்ஸ் குடுக்கல இன்னும்."

"குடுக்காதீங்க. நாங்க வந்து செய்றோம். கூலியக் கடன்ல கழிச்சிக்கங்க."

மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றார்.

இரண்டு நாள் மெஸ்ஸை மூடிவிட்டு மண்டபத்தில் சமைத்தோம். பெண் அழகாக இருந்தாள். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று பந்தியில் கேட்டு வாங்கினார்கள். அவர் வீட்டம்மா எனக்கும் தாம்பூலப் பையும் ரவிக்கைத் துணியும் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. பாத்திரங்களை வண்டியில் ஏற்றும்போது மளிகைக் கடைக்காரர் வந்தார்.

"உங்க ரெண்டு பேர் கூலி ரெண்டாயிரத்து எட்நூறு போட்டிருக்கேன். சரியா தங்கச்சி?"

அது ஊரில் கொடுப்பதைவிட ஜாஸ்தி. சரி என்றேன். மீதியை நீங்களே சொல்லுங்கள் என்றேன், எனக்குத் தெரிந்திருந்தும்.

கம்பெனியிலிருந்து அப்புறம் ஒரு தாளும் வரவில்லை. அந்த நம்பரில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. மளிகைக் கடைக்காரர் அன்று மண்டப வாசலில் நின்று சொன்ன மீதி, பதினைந்தாயிரத்து இருநூறு ரூபாய்.