வழுக்கிய டைல்ஸும் எதிர்த்தரப்பு வக்கீலும்

1. மாவுக்கட்டு

செல்வி என் வக்கீல் ஆபீசுக்குள் நுழைந்தபோது வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. கருங்குழிக்காரர். ஜி.எஸ்.டி. சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். உட்காரச் சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஆக்சிலேட்டரு வலது கைப் பக்கம் கீது. கையி இப்டி கீது. வண்டிய இன்னா பண்றது? வூட்ல சும்மா குந்திகினு கீறேன்."

நடந்தது இதுதான். பக்கத்து ஊர் ஒன்றின் கடைத்தெருவில் ஒரு ஸ்வீட் ஸ்டால். கடையைப் புதுப்பித்தபோது முதலாளி தனசேகர் தன் வாசலோடு நிற்கவில்லை. முன்னால் இருந்த பொது நடைபாதையிலும் பளபளக்கும் டைல்ஸைப் பதித்துவிட்டார். தினமும் காலையில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். அந்த ஈரத்தில் கால் வைத்த செல்வி வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தனசேகர் எட்டிப் பார்த்து, "போன நோண்டிகினு வந்தா வுயாம இன்னா பண்ணுவ?" என்றாராம்.

"போனு வண்டியில சார்ஜ்ல கெடந்துச்சு மேடம். கை நோவக்கூட தாங்கிக்குவேன். இந்தப் பேச்சு தாங்கல."

வழுக்கி விழுந்தவர்கள் நம் ஊரில் கோர்ட்டுக்கு வருவது அபூர்வம். "நேரம் சரியில்ல" என்று எழுந்து, துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். செல்வி வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

2. யாருடைய நடைபாதை?

நோட்டீஸ் அனுப்பினேன். நடைபாதை தனக்குச் சொந்தமில்லை, அதனால் தான் பொறுப்பில்லை என்று தனசேகர் பதில் அனுப்பினார். டைல்ஸ் போட யாருக்கும் அனுமதி தரவில்லை என்றது உள்ளாட்சி அலுவலகம். ஆக, நடைபாதை ஒருவருடையது, டைல்ஸ் இன்னொருவருடையது, முறிந்த எலும்பு மட்டும் செல்வியுடையது என்று ஆனது.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். ஆபத்தை உண்டாக்கியவர் கடைக்காரர், அது ஆபத்து என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் காயம் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். இதில் அவருக்குத் தெரியும் என்று காட்டுவதுதான் கஷ்டம். தனசேகருக்காக ஆஜரானவர் பார்த்திபன் சார். சீனியர், நகைச்சுவைக்காரர். "சாதாரண டைல்ஸும்மா. ஊரே நடக்குது. உங்க கட்சிக்காரர் மட்டும்தான் வுயுந்துகீறாங்க" என்றார். கோர்ட் சார்பில் இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி மனுப் போட்டேன். நித்யா என்ற இளம் வக்கீலை கோர்ட் நியமித்தது.

3. ஆய்வு

நாங்கள் போன காலை நேரத்தில் கடைப் பையன்கள் அப்போதுதான் கழுவி முடித்திருந்தார்கள். செல்விக்குக் கட்டு பிரித்தாயிற்று. ஆனாலும் வலது கையை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றிருந்தார்.

நித்யா டைல்ஸை அளந்தார், படம் எடுத்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே, கண்ணாடிப் பெட்டியின் முன்னால், அதே டைல்ஸ் மேல் வரிசையாகச் சாக்கு விரித்திருந்தது.

"இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"கழுவின ஈரத்துல கஸ்டமருங்க வழுக்கி வுயக் கூடாதில்ல?" என்றார் தனசேகர் பெருமையாக.

நித்யா எழுதிக்கொண்டார். பார்த்திபன் சார் கண்ணை மூடித் திறந்தார். கட்சிக்காரர் வாயால் போன கேஸைக் காலால் மீட்டுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "சாக்கு ஒரு முன்னெச்சரிக்கை, அவ்ளோதான். நானே நடந்து காட்டுறேன்" என்று கிளம்பினார்.

"சார், ஷூவோட வேணாம்" என்றேன்.

"முப்பது வருஷமா கோர்ட்டு வராந்தால நடக்குறேம்மா."

ரெண்டாவது அடியில் கால் முன்னால் போனது, உடம்பு பின்னால் சாய்ந்தது. யாருக்கும் கை நீட்டத் தோன்றவில்லை, செல்வியைத் தவிர. இடது கையால் அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டார். விழவேண்டியவர் மெல்ல உட்கார்ந்தார்.

"குந்து சார், குந்து. அவசரப்பட்டு எந்திரிக்காத."

பார்த்திபன் சார் ஈரத்தில் உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அதற்காகவே காத்திருந்த தெருவும் சிரித்தது. நித்யா மட்டும் சிரிக்காமல், "சார், இதையும் ரிப்போர்ட்ல எழுதணும்" என்றார். "எழுதும்மா. கண்ணால பாத்தத எழுதத்தான உன்ன அனுப்பிகீறாங்க" என்றார் அவர்.

4. சமரசம்

லோக் அதாலத்தில் பேசி முடித்துக்கொள்ளும்படி தனசேகருக்கு யோசனை சொன்னவர் பார்த்திபன் சாரேதான். வைத்தியச் செலவையும், வண்டி ஓடாத நாட்களின் வருமானத்தையும் தர ஒப்புக்கொண்டார்கள். செல்வி கையெழுத்துப் போடவில்லை.

"டப்பு இருக்கட்டும். மொதல்ல அந்த டைல்ஸ பேத்து எடு அண்ணாத்த. நாளிக்கு வேற யார்னா வுயுவாங்க. அப்பறம் அந்தப் போன் பேச்ச வாபஸ் வாங்கு."

தனசேகர் தன் வக்கீலைப் பார்த்தார். பார்த்திபன் சார் ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பா பேசிட்டேம்மா" என்றார் தனசேகர். "மனசுல வச்சிக்காத."

சொன்னபடி டைல்ஸ் போய், சொரசொரப்பான கல் வந்தது. செல்வி கையெழுத்துப் போட்ட அடுத்த வாய்தாவுக்குத் தனசேகர் ஒரு பெட்டி மைசூர் பாக்கோடு வந்தார். அதை முதலில் திறந்தவர் பார்த்திபன் சார்.

கை தேறி செல்வி மறுபடி வண்டி எடுத்த வாரம், கோர்ட் வாசலில் என்னையும் பார்த்திபன் சாரையும் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் பார்த்திபன் சார் கேட்டார்: "ஏம்மா, அன்னிக்கு என்ன ஏன் புடிச்ச? வுட்டிருந்தா உன் கேஸு இன்னும் ஸ்ட்ராங்காயிருக்குமே?"

"வுட்டா நீயும் கேஸு போடுவ சார். மேடத்துக்கு ரெண்டு வேல."

மூவரும் படாளம் வரை சிரித்துக்கொண்டே போனோம்.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடம் யாருக்குச் சொந்தம் என்று தேடி நின்றுவிடாதீர்கள். அதை வழுக்க வைத்தது யார், வழுக்கும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தரை காய்வதற்குள் படம் எடுக்கச் சொல்லுங்கள், டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அந்தக் கடை வழியாகப் போக நேர்ந்தால், அந்தச் சொரசொரப்பான கல் மேல் நான் தரையைப் பார்க்காமல் வேகமாக நடக்கிறேன்.