பின்கண்ணாடியில் தெரிந்த வண்டி

2011 ஜூன் மாதம், மழை விடாமல் பிடித்திருந்த ஒரு நாள், விடிகாலை ஐந்தரை மணிக்கு இனயத்திலிருந்து புறப்பட்டோம். கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பிள்ளைகளே, அந்த வழியில் நீங்கள் பலமுறை போயிருக்கிறீர்கள். ஆனால் அன்று நாங்கள் போனது ஆளை வழியனுப்ப அல்ல. உங்கள் ஜெசிந்தா அத்தையின் மாப்பிள்ளை சேவியர் மாமா பெட்டியில் வருகிறார், அவரை வீட்டுக்குக் கொண்டுவரப் போனோம்.

மாமா கல்ஃபில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். நெஞ்சுவலி வந்து படகிலேயே போய்விட்டார். பேப்பர் வேலையெல்லாம் முடிந்து உடல் வர மூன்று வாரம் போல ஆனது. அத்தைக்கு அப்போது எட்டு மாதம். பெனிட்டா, நீயும் இதை வாசிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். அன்று நீயும் வண்டியில் இருந்தாய், வயிற்றுக்குள்.

கிளம்பும் முன்பே வீட்டில் ஒரு வழக்கு. ஆம்புலன்ஸில் பெட்டியோடு வருவேன் என்றாள் அத்தை. அவள் மாமியார் விடவில்லை.

"வயித்துப் பிள்ளைக்காரி பெட்டி பக்கத்துல இருக்கப்பிடாது. வேணும்னா அண்ணனுக்க வண்டியில போ."

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கல்ஃபிலிருந்து ஏற்கனவே ஃபோனில் சொல்லியிருந்தார்கள். முகம் பார்க்க முடியாது, பக்கத்திலும் இருக்க முடியாது. அத்தை கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அவரு வர வண்டியை வழியெல்லாம் பாத்துக்கிட்டே வருவேன். அதுக்கும் தடை சொல்லாதீங்க."

நம் பழைய டீசல் வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு சைடு சீட் உண்டே, அதில் ஒன்றில் உட்கார்ந்தாள். முன்னால் என் பக்கத்தில் மாமாவின் அண்ணன் பத்றோஸ்.

மார்த்தாண்டம் தாண்டுவதற்குள் பின்கண்ணாடி முழுக்கச் சேற்றுத் தண்ணீர். "அண்ணே, ஒண்ணும் தெரியல்லியே. திரும்பி வரும்போ அவரு வண்டி எப்படித் தெரியும்? வைப்பரைப் போடேன்" என்றாள் அத்தை. சுவிட்சைத் திருப்பினேன். அசைவும் இல்லை, சத்தமும் இல்லை.

"பொறத்த உள்ள வைப்பர் எதுக்குல?" என்றான் பத்றோஸ். "இந்த வண்டி முன்னால ஓடுததே அதிசயம்."

அவனும் அழுது வீங்கின கண்ணோடுதான் அதைச் சொன்னான்.

களியக்காவிளையில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்த வளைவு திரும்புவதற்குள் மறுபடி சேறு.

ஏழே காலுக்கு விமான நிலையத்தின் சரக்கு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆள் போகிற வாசல் வேறு, பெட்டி வருகிற வாசல் வேறு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்றோஸ் பாஸ்போர்ட்டையும் பேப்பர்களையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஆம்புலன்ஸ்காரர் மலையாளி, வாடகை இரண்டாயிரத்து ஐநூறு. அவர் என்னிடம் வந்து, "சேட்டா, களியக்காவிளை வரை எனக்கு வழி அறியாம். அது கழிஞ்ஞால் அறியில்லா. நீங்க முன்னே போகணும்" என்றார். களியக்காவிளைவரை வழி தெரியும், அதற்கு மேல் தெரியாதாம். அங்கிருந்து கடற்கரைவரைக்கும் எத்தனை சந்து, எத்தனை பிரிவு. கண்ணாடி தெரியாவிட்டால் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போகலாம் என்று வைத்திருந்த எண்ணமும் அத்தோடு போனது.

பெட்டி வரத் தாமதமாகும் என்றார்கள். சும்மா நிற்க முடியவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ் டப்பாவைத் திறந்தேன். பியூஸ் என்றால் மின்சாரம் போகிற வழியில் வைக்கிற மெல்லிய கம்பி. எங்காவது முட்டுக்கட்டை வந்தால் மோட்டார் கருகாமல் காப்பாற்ற அது முதலில் அறுந்துவிடும். பின் வைப்பரின் பியூஸ் அறுந்துதான் கிடந்தது. டப்பாவில் மிச்சம் இருந்த ஒன்றைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். பின்கதவுக்குள் மோட்டார் "ம்ம்ம்" என்று முக்கியது. வைப்பர் கை அசையவில்லை. அப்படியே அந்தப் பியூஸும் போயிற்று.

அப்படியானால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கைதான் எங்கேயோ பிடித்திருக்கிறது. பின்னால் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை இறங்கி வந்து குடை பிடித்தாள். வைப்பர் கையின் அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, ஸ்பேனர் போட்டு நட்டைத் திருப்பினேன். கடல்காற்று பட்ட இரும்பு, லேசில் வரவில்லை. கொஞ்சம் டீசல் விட்டு, அசைத்து அசைத்து வைப்பர் கையை உருவினேன். அது சுற்றுகிற தண்டைச் சுற்றி, துருவோடு துருவாக, கருப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. பிளேடால் கீறி இழுத்தேன். துணி.

அத்தை அதை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது குடைத்துணி."

எனக்கும் அப்போது நினைவு வந்தது. நம் ஊரில் சாவுக்குப் போகிற வண்டியின் முன்னும் பின்னும் கருப்புத் துணி கட்டுவார்கள். பின்னால் கட்ட வாகான இடம் இந்த வைப்பர் கைதான். போன வருஷம் சேவியர் மாமாவின் அப்பா இறந்தபோது நம் வண்டிதான் முன்னால் போனது. அவசரத்துக்குக் கருப்புத் துணி கிடைக்காமல், லீவில் வந்திருந்த மாமா தன் அப்பாவின் பழைய குடையைக் கிழித்துத் தன் கையாலேயே அதில் கட்டினார். அன்றும் மழை. யாரோ வைப்பரைப் போட, துணி சுற்றிக்கொண்டது. வெளியே தொங்கியதை மட்டும் அறுத்து எறிந்தோம். உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

"அவரு கெட்டுனா அவுக்க முடியாது" என்றாள் அத்தை. "வலைக்காரன் முடிச்சுல்லா." அந்தத் துண்டைச் சுருட்டிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். மூன்று வாரத்தில் அவள் வாயிலிருந்து பெருமையாக வந்த ஒரே பேச்சு அதுதான்.

தண்டைச் சுரண்டி எண்ணெய் விட்டுக் கையை மாட்டினேன். பியூஸ்தான் இல்லை. டேப் ரிக்கார்டரின் பியூஸ் அதே அளவு. பிடுங்கி இதில் செருகினேன். அன்றைக்குப் பாட்டு கேட்க யார் இருக்கிறார்கள்? சுவிட்சைப் போட்டதும் கை ஒருமுறை தயங்கி, கிரீச்சென்று கண்ணாடியில் ஏறி இறங்கியது.

ஒன்பதே முக்காலுக்குப் பெட்டி வந்தது. பலகைப் பெட்டி. சுற்றிலும் தகரப் பட்டை, மேலே பெயர் எழுதிய காகிதம். அத்தை தூரத்தில் நின்றே பார்த்தாள். பத்றோஸ் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் பலத்த மழை. பாலராமபுரத்தில் ஒரு பஸ் நடுவில் புகுந்தது. "அண்ணே, காணல்ல, காணல்ல" என்று சத்தம் போட்டாள். ஓரம் கட்டினேன். பஸ் விலகியதும் வெள்ளை வண்டி தெரிந்தது. களியக்காவிளையில் நான் எல்லையைத் தாண்டிவிட்டேன். ஆம்புலன்ஸை மட்டும் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. அவள் பார்த்துச் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி ஓடிப்போய்ப் பேப்பர் காட்டி விடுவித்தோம்.

கருங்கல் சந்திப்பில் நம் ஊர்ப் பையன்கள் பைக்குகளில் காத்து நின்றார்கள், கையில் கருப்புத் துணி. ஒருவன் முன்னால் கட்டினான். இன்னொருவன் பின்னால் வந்து ஓடுகிற வைப்பர் கையைப் பிடித்து நிறுத்தினான். அத்தை உள்ளிருந்து கண்ணாடியை ஓங்கித் தட்டினாள்.

"அதுல கெட்டாதலே! கைய எடு!"

"மைனி, வழக்கம்லா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊரு என்னமும் சொல்லட்டு. எனக்கு அவரு வண்டி தெரியணும்."

அவன் என்னைப் பார்த்தான். "விடு மக்கா. முன்னால கெட்டுனது போதும்" என்றேன். அவன் துணியைத் தன் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனான்.

பன்னிரண்டே காலுக்கு இனயம் கோயில் முற்றத்தில் வண்டிகள் நின்றன. பிள்ளை சுமப்பவள் கல்லறைக்குப் போகக் கூடாது என்று மாமியார் அங்கேயும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். போன வருஷம் புருஷன், இந்த வருஷம் மகன். அவரோடு யார் வாதாட முடியும்? அத்தை வண்டியிலேயே, பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் அவள் கூடவே நின்றேன்.

மழை எப்போதோ விட்டிருந்தது. வைப்பரை நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை. உலர்ந்த கண்ணாடியில் அது கிரீச் கிரீச்சென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"மழை இல்லியே மக்கா. நிறுத்தட்டா?"

"ஓடட்டும்ணே. ஆளு இன்னும் தெரியுது."

பெட்டி கல்லறைச் சுவரைத் திரும்பி மறைந்தது. அத்தை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் இருந்தாள். பிறகு முந்தியின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இனி நிறுத்திக்கோ."

நான் முன்னால் போய்ச் சுவிட்சைத் திருப்பினேன்.