கேள்வி கேட்கக் கட்டணம்

1. இலவசமாய்ச் சொன்ன காலம்

நான் வேலை பார்த்தது அமெரிக்காவில், பே ஏரியாவில் ஒரு சின்ன நகராட்சியின் பிளானிங் பிரிவில். ஓர் இடத்தை லீஸுக்கு எடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் கவுன்ட்டருக்கு வந்து, அங்கே கடை போடலாமா என்று கேட்கலாம். மேப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். காசு கிடையாது. அது தப்பு என்று முதலில் கண்டுபிடித்தவர் ஃபைனான்ஸ் மேனேஜர் வெங்கட், நங்கநல்லூர்க்காரர்.

“சாந்தி, நீங்க வாயத் தெறந்தாலே சிட்டிக்கு செலவு. காஸ்ட் ரெக்கவரி பண்ணணும், செலவ கேக்கறவங்ககிட்டயே வாங்கணும்.”

“முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குமா?”

“பர்மிட் கேட்டா நாம பாத்தே ஆகணும். அட்வைஸ் அப்படி இல்ல, நம்ம இஷ்டம். குடுத்தா சார்ஜ் பண்ணலாம்.”

உடனே கணக்குப் போட்டார்கள். என் சம்பளம், பென்ஷன், கட்டடத்தின் கரன்ட் பில், பார்க்கிங் லாட்டில் மரம் வெட்டும் செலவு. நான் ‘முடியாது’ சொல்வதில் மேயர் அலுவலகச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கவுன்சிலில் ஒருவர்கூட எதிர்க்காமல், கேள்வி கேட்கக் கட்டணம் வந்தது.

கவுன்ட்டரில் கூட்டம் நின்றுபோனது. எஃபிஷியன்சி கூடிவிட்டதாக வெங்கட் ரிப்போர்ட் கொடுத்தார்.

2. மெர்சியின் லீஸ்

மெர்சி நாகர்கோவில் பெண். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் நடத்திவந்தாள். பெரிய இடம் ஒன்று கிடைத்ததும், வீடு வாங்கச் சேர்த்ததையெல்லாம் அதில் போட்டு ஐந்து வருட லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் பர்மிட்டுக்கு அப்ளை பண்ண எங்களிடம் வந்தாள்.

மேப்பை விரித்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடம் கெமிக்கல் கிடங்கு. அங்கே குழந்தைகளை வைக்க ஃபயர் டிபார்ட்மென்ட் சம்மதிக்கவே சம்மதிக்காது.

“முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?”

“கேக்கறதுக்கே அவ்ளோ ஃபீஸ் போட்டிருக்கீங்களே, ஆன்ட்டி. அந்தக் காசுல பிள்ளைங்களுக்குக் கட்டில் வாங்கிடலாம்னு நெனச்சேன்.”

“அப்ளை பண்ணாத. கெடைக்காது.”

“ஓனர் லீஸ்லருந்து விட மாட்டேங்கறாரு. ட்ரை பண்ணாம எப்படி ஆன்ட்டி இருக்கறது?”

ட்ரை பண்ணினாள். நான் ரிப்போர்ட் எழுதினேன், நோட்டீஸ் அனுப்பினேன், ஹியரிங் நடத்தினோம். நான் உட்கார்ந்த ஒவ்வொரு கால் மணி நேரமும் அவள் கணக்கில் ஏறியது. கடைசியில் முடியாது என்றோம்.

கட்டணத்தை மறுபடி பரிசீலிக்கும் கூட்டம் வந்தது. அட்வைஸ் கேட்டு வருபவர்கள் குறைந்துவிட்டதால் தலைக்கு ஆகும் செலவு கூடிவிட்டதாம். ஆகவே கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்றார் வெங்கட்.

“ஆள் வராததுக்குக் காரணமே அந்த ஃபீஸ்தானே?” என்று அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

“அது என் கணக்குல வராதுங்க” என்றார்.

முழுச் செலவையும் வசூலித்ததற்கு உதாரணமாக மெர்சியின் ஃபைலைத் திரையில் காட்டினார். கவுன்சில் பாராட்டியது. அந்தக் காலி இடத்துக்கு வாடகை கட்டியே, குடியிருந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாமல் அவள் தன் டேகேரை மூடிவிட்டு, வேறொருவர் டேகேரில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டணம் வைக்கும்போது, வந்து கேட்டவருக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று மட்டும் பார்க்காதீர்கள். கேட்காமல் போனவருக்கு என்ன ஆனது என்றும் விசாரியுங்கள். மெர்சிக்கு நான் ‘முடியாது’ என்று சொன்னதற்குப் பைசா பாக்கியில்லாமல் வாங்கிவிட்டோம். அதையே முதலில் சொல்லியிருந்தால் அவளிடம் டேகேர் இருந்திருக்கும்.