சும்மா கிடைக்கிற பாயிண்ட்

சம்பளப் பட்டியலில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் படிப்பது கணினி ஒன்றுதான். மின்விசிறித் தொழிற்சாலை முழுக்க அவன் 'கொக்கி'. தயாரான ஃபேன்களைக் கூரையிலிருந்து தொங்கும் கொக்கிகளில் மாட்டி, ஓடவிட்டு, ஆடுகிறதா உறுமுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அதே வேலைக்கு மற்றவர்கள் ஸ்டூல் தேடுவார்கள். அவன் கையைத் தூக்கினால் போதும்.

ஆனால் அவனை எடுத்தது ஃபேனுக்காக அல்ல. நேர்காணலில் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "கதவுல குனிஞ்சா வந்தே?" ஆமாம் என்றான். மறுநாளே கம்பெனியின் கூடைப்பந்து டீமில் இருந்தான்.

வளையத்துக்குக் கீழே அவனை அசைக்க ஆள் கிடையாது. இடுப்பில் ஒருவன், தோளில் ஒருவன் என்று தொங்கினாலும் பந்தை வலைக்குள் திணித்துவிட்டுத்தான் தரைக்கு வருவான். விசித்திரம் என்னவென்றால், தடுக்க ஒருவருமே இல்லாத இடத்தில்தான் அவனால் முடியவில்லை. எதிரணி ஃபவுல் செய்தால் ஃப்ரீ த்ரோ கொடுப்பார்கள். கோட்டில் தனியாக நின்று எறியலாம், யாரும் குறுக்கே வரக் கூடாது. உள்ளே போனால் ஒரு பாயிண்ட். ஐந்து நொடி அவகாசம் வேறு. அந்த அவகாசம்தான் அவனுக்கு ஆகாது. முதல் நொடியில் பந்து கனக்கும். அடுத்ததில் முழங்கை வேறு யாருடையதோ ஆகிவிடும். அதற்குமேல் பொறுக்காமல் எறிந்துவிடுவான். பந்து இரும்பில் முட்டிக்கொண்டு திரும்பி வரும்.

ஊர் அறிந்த ரகசியம் எதிரணிகளுக்கா தெரியாது? ஆட்டம் இழுபறி என்றால் கடைசி நிமிடங்களில் வேறு யாரையும் சீண்டமாட்டார்கள். கொக்கியைத்தான் பிடித்து இழுப்பார்கள். அதனால் கோச் அந்த நேரம் பார்த்து அவனை வெளியே உட்காரவைத்து, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் 'பீப்பாய்' என்ற கனத்த ஆளை இறக்குவார். பீப்பாய் குதித்தால் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகலாம், அவ்வளவே. ஆனால் கோட்டில் நின்றால் கல்லில் எழுதியது போலப் போடுவான்.

பெஞ்சில் கொக்கிக்கு இருப்புக் கொள்ளாது. முழங்கால்கள் தாமாகவே உதறும். பெஞ்சு ஆடும். பக்கத்தில் தண்ணீர் குடிக்கிறவனுக்குப் புரையேறும். ஆட்டம் ஜெயித்தாலும் அவன் முகத்தில் தோற்றவனின் களைதான்.

வீட்டிலும் அதே கதை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான், ஒவ்வொரு கதவுநிலைக்கும் தலையைக் குனிந்துகொண்டு. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. வருகிறவர்கள் தலைவலி மாத்திரையோடு அவள் புருஷனைப் பற்றிய கருத்தையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"இன்னிக்கும் ஒருத்தர் கேட்டாருங்க."

"என்னன்னு?"

"உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணியாச்சான்னு."

"நீ என்ன சொன்னே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, என்னைத் தேடிக் கண்டுபிடிச்சாரேன்னு சொன்னேன்." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "அடிச்சுப் புடிச்சு வாங்கறதையெல்லாம் வாங்கிட்டு வரீங்க. சும்மா குடுக்கறதை வாங்கத் தெரியலையே. தினம் ஒரு மணி நேரம் கோட்டுல நின்னு பழகக் கூடாதா?"

"சும்மா குடுத்தாத்தான் கை நடுங்குது."

கோச்சின் கட்சி நேர் எதிர். "உனக்கு என்ன வருமோ அதைப் பாருடா. ஒரு மணி நேரம் கோட்டுல நின்னா, அந்த ஒரு மணி நேரம் வளையத்துக்குக் கீழ நீ இல்லேன்னு அர்த்தம். நெட்டைப் பசங்களுக்கு வளையத்துல பட்டுத் திரும்பற பந்தைப் புடிக்கிற ரீபவுண்டுதான் சோறு. ஃப்ரீ த்ரோ எல்லாம் ஊறுகாய்."

"அப்புறம் ஏன் சார் கடைசியில என்னை எடுத்துடறீங்க?"

"ஊறுகாய் இல்லாம சாப்பாடு இறங்கலையே" என்றார் கோச், தன் பேச்சுக்குத் தானே குழி வெட்டுகிறோம் என்ற கவலை இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த சீசனுக்குப் புதுசா ஒருத்தன் வர்றான். உன்னைவிட ரெண்டு விரல் குட்டை. ஆனா கோட்டுல நிப்பான். ரெண்டு பேரை வெச்சுக்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு."

மிச்சம் இருந்தது இறுதி ஆட்டம் ஒன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் பேக்கிங் ஷெட்டின் பின்னால் உள்ள கோர்ட்டில் எறியத் தொடங்கினான். ஒருவன் உழைக்கிறான் என்று தெரிந்தால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமிருக்காது. மூச்சை இழுத்துப் பிடி என்றார் வாட்ச்மேன். மூச்சை விடு என்றார் பாய்லர்காரர். டீமிலேயே குட்டையான, பந்தைக் கடத்திக் கொடுக்கும் சுண்டு, "கண்ணை மூடிக்கிட்டு எறிங்கண்ணே, இப்ப போறதைவிடக் கம்மியாவா போயிடப் போகுது?" என்றான். எறிந்தான். கம்மியாகத்தான் போனது.

ஒருநாள் காலை எரிச்சலில் வளையத்தை மறந்துவிட்டு, தன் எறியைத் தானே ஃபேனைப் பார்ப்பது போலப் பார்த்தான். ஆடுகிற ஃபேன் இஷ்டத்துக்கு ஆடாது. எந்த இறக்கை கனமோ அதற்கேற்றபடி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரிதான் ஆடும். அவன் பந்தும் அப்படித்தான். வளையத்தின் வலப்பக்க இரும்பில் உள்புறமாகப் பட்டு, உயர எகிறி, இடப்பக்கம் ஒரே இடத்தில் வந்து விழுந்தது. மறுபடி எறிந்தான். அதே இடம். சிமெண்டில் அங்கே மட்டும் தூசி இல்லை.

ஆக, கோளாறு தெரிந்துவிட்டது. சரிசெய்யத்தான் தெரியவில்லை. ஃபேனாக இருந்தால் இறக்கையை மாற்றியிருப்பான்.

இறுதி ஆட்டம் ஒரு குளிர்பானக் கம்பெனி டீமோடு. எதிர்பார்த்தபடியே இழுபறி. எதிர்பார்த்தபடியே கோச் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முழங்கால்கள் வேலையை ஆரம்பித்தன. அப்போதுதான் பீப்பாய், யாருமே எதிர்பார்க்காத விதமாக, ஓடிவந்தவனுக்கு வழிவிடாமல் மோதித் தன் ஐந்தாவது ஃபவுலை வாங்கினான். ஐந்து வாங்கினால் வெளியே போக வேண்டும். கோச் பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். உயரமாக இருந்தது ஒன்றுதான்.

"போ" என்றார். வாழ்த்துகிற தொனி அல்ல, பஸ் ஏற்றிவிடுகிற தொனி.

ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். கடிகாரத்தில் சில நொடிகளே பாக்கி. சுண்டு உயரத் தூக்கிக் கொடுத்த பந்தைக் கொக்கி பிடித்த மறுகணம் இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ.

கேலரியில் சிரிப்பு முன்கூட்டியே கிளம்பிவிட்டது. அவன் மனைவி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

முதல் பந்து வலப்பக்க இரும்பில் பட்டுத் திரும்பியது. "ஸ்டூல் போட்டுக் குடுங்கப்பா" என்று ஒரு குரல். கோச் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாவது. பந்து கனத்தது. முழங்கை அந்நியப்பட்டது. எறிந்தான். பந்து விரலை விட்டபோதே தெரிந்துவிட்டது, இதுவும் அதே நோய்தான். இரும்பில் பட்ட சத்தம் கேட்டதும் மற்றவர்கள் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. இடப்பக்கம், தூசி இல்லாத அந்த இடம் இங்கே எங்கே இருக்கும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. பந்து இறங்கி வந்தபோது அங்கே அவன் கை இருந்தது. குதித்த வேகத்திலேயே திணித்தான். இரண்டு பாயிண்ட். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது.

தோளில் தூக்க ஆசைப்பட்டவர்கள் அவன் இடுப்பளவில் கைவிட்டார்கள். கோச்சும் மனைவியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தியாம்மா, ரீபவுண்டு. நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல?"

"பிராக்டிஸ் பண்ணலேன்னா எங்க விழும்னு இவருக்கு எப்படி சார் தெரியும்?"

"ஃப்ரீ த்ரோ ரெண்டும் உள்ள போகலையேம்மா."

"போயிருந்தா ரீபவுண்டு ஏது சார்?"

இருவரும் அவன் நெஞ்சளவில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. ஜெயித்தது உண்மை. கோட்டில் நின்றபோது கை நடுங்கியதும் உண்மை.

"சார், அடுத்த சீசன்?" என்று கேட்டான்.

கோச் யோசித்தார். "மேனேஜர்கிட்ட பேசறேன். இந்த மாதிரி விட்டுப் புடிக்கிற ஆளு எந்த டீம்லயும் இல்லேன்னு சொல்றேன். ஆனா ஒண்ணு, மேனேஜர் நேர்ல பாக்கணும்பாரு. இதே மாதிரி விட்டு, இதே மாதிரி எடுக்கணும். வேணும்னே."

"வேணும்னே விடணுமா?"

"உனக்கு அது ஒரு கஷ்டமா?"

திங்கட்கிழமை காலை மேனேஜர் பேக்கிங் ஷெட்டின் பின்னால் வந்து நின்றார். மனைவி கடைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். கொக்கி கோட்டில் நின்றான். தவறவிடத்தானே வேண்டும் என்று நினைத்ததும் உடம்பு இலகுவானது. பந்து கனக்கவில்லை. முழங்கை அவனுடையதாகவே இருந்தது. எறிந்துவிட்டு இடப்பக்கம் ஓடினான்.

பந்து இரும்பை உரசக்கூட இல்லாமல் வலைக்குள் இறங்கியது.

மறுபடி எறிந்தான். மறுபடியும் உள்ளே. அடுத்ததும் உள்ளே. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு இடப்பக்கத்தில் போய் நின்றான்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். கோச் அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன்டா, உனக்கு விடக்கூடத் தெரியலையா?"

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்" என்று கொக்கி பந்துக்குக் கையை நீட்டினான். கை நடுங்கத் தொடங்கியிருந்தது.